ஈய எண்கள்

பற்றவைப்பு என்பது பாடநூல் சொல். கடலூர் சிப்காட்டிலோ நெய்வேலியிலோ வேலை செய்யும் எவரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே அது வெல்டிங். இரண்டு குழாய்கள் சேரும் இடம் ஜாயிண்ட். அந்த ஜாயிண்டுக்குள் என்ன இருக்கிறது என்று கதிர்வீச்சைக் கொண்டு பார்க்கும் கலைக்குத் தொழிலகக் கதிர்ப்படவியல் என்று பெயர் வைக்கலாம். வேலைத்தளத்தில் அது வெறும் ஆர்.டி. அவர்கள் கேமரா என்று சொல்லும் பெட்டியில் வில்லை கிடையாது, படச்சுருளும் கிடையாது. உள்ளே இருப்பது ஒரு பொடிக் கதிரியக்கத் துண்டு மட்டுமே. படமோ வெளியே, குழாயின் மறுபக்கத்தில், கறுப்பு உறைக்குள் காத்திருக்கும். எடுத்து முடித்த படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதற்கு அங்கே வழங்கும் வினைச்சொல் 'படிப்பது'. பதினெட்டு ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தேன். ஆகவே நானும் ஒரு வகையில் தொழில்முறை வாசகன்தான். கதை, கவிதை பற்றி எழுத இங்கு என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உண்டு. நான் படித்தவற்றைப் பற்றி எழுத வேறு யாரும் வருவார்களா என்பது தெரியாததால் இந்தக் கட்டுரை.

கடலூர் மாவட்டத்தில் இந்தத் தொழிலுக்குப் பஞ்சமில்லை. கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றை ஒட்டி, சிப்காட்டின் இரசாயன ஆலைகள் இருக்கின்றன. மேற்கே நெய்வேலி. 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் ஓடத் தொடங்கியது. அந்த நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குப் பின்வந்தவை ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓர் அனல்மின் கொதிகலன் என்பது ஆயிரக்கணக்கான குழாய் ஜாயிண்டுகளின் தொகுப்பு. ஒவ்வொன்றும் உயர்ந்த அழுத்தத்தில், கொதிநீரையோ நீராவியையோ தாங்கி நிற்க வேண்டும். சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உலோகங்களை இணைப்பதை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளில் பலர் வெல்டராகவோ ஆர்.டி. உதவியாளராகவோ ஆகி, இங்கே சில ஆண்டுகள் இருந்துவிட்டு வளைகுடாவுக்குப் போகிறார்கள்.

வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கும், ஆள் நடமாட்டம் குறைவு என்பதால். கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து, எச்சரிக்கைப் பலகை மாட்டிய பிறகே தொடங்குவார்கள். கேமராவுக்குள் இருக்கும் துண்டு இரிடியம்-192. அணுஉலையில் நியூட்ரான்களால் தாக்கப்பட்டுக் கதிரியக்கம் பெற்ற உலோகம் அது. எஃகுச் சிமிழில் அடைத்து ஒரு கம்பி வடத்தின் நுனியில் பொருத்தியிருப்பார்கள். தொலைவில் நின்று கைப்பிடியைச் சுழற்றினால், வடம் குழல் வழியாக நகர்ந்து துண்டை ஜாயிண்டின் அருகே கொண்டுபோய் நிறுத்தும். குறித்த நேரம் கழிந்ததும் எதிர்ப்பக்கம் சுழற்றினால் துண்டு கவசத்துக்குள் திரும்பிவிடும். இரிடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 74 நாட்கள். இன்று 2 நிமிடத்தில் எடுக்கும் படத்தை 74 நாட்கள் கழித்து எடுக்க 4 நிமிடம் வேண்டும். இன்னொரு 74 நாட்கள் போனால் 8 நிமிடம். இந்தக் கணக்கை வாசகர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இனி படத்துக்கு வருவோம். 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவான பாலியெஸ்டர் தகடு. அதன் இரு முகங்களிலும் ஜெலட்டின் பூச்சு; ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடின் நுண்ணிய படிகங்கள். சாதாரணப் புகைப்படச் சுருளில் ஒரு முகத்தில்தான் பூச்சு இருக்கும். காமாக் கதிர் எதையும் ஊடுருவிச் செல்வது. அதே காரணத்தால் படத்தையும் ஊடுருவிப் போய்விடும். வந்த கதிரில் மிகச் சிறு பங்கைத்தான் படம் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சிறு பங்கைச் சற்றே கூட்டுவதற்குத்தான் இரட்டைப் பூச்சு. ஜெலட்டின் வருவது மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும். சில ஜெலட்டின்களில் செய்த படங்கள் மட்டும் ஏன் கூடுதல் உணர்வோடு இருக்கின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1925இல் கோடாக் ஆய்வகத்தின் ஷெப்பர்டு அதற்கு விடை கண்டார்: கடுகெண்ணெயின் காரத்தைச் சேர்ந்த கந்தகச் சேர்மங்கள் சிறிதளவு அதில் கலந்திருந்தன. மாடு மேய்ந்த செடியின் காரம் படத்தின் பார்வையைக் கூர்மையாக்கியிருக்கிறது.

படிகத்துக்குள் நடப்பதை 1938இல் கர்னியும் மாட்டும் விளக்கினார்கள். கதிர் பட்டதும் படிகத்தில் ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. அது படிகத்தின் குறையுள்ள ஓர் இடத்தில், அந்தக் கந்தகப் புள்ளி போன்ற ஒன்றில், சிக்கிக்கொள்கிறது. அதனால் கவரப்பட்டு ஒரு வெள்ளி அயனி நகர்ந்து வந்து உலோக வெள்ளியாகிறது. இப்படிச் சில அணுக்கள் சேர்ந்தால் போதும். அந்தப் படிகம் குறிக்கப்பட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்த நிலைக்கு உள்ளுறை பிம்பம் என்று பெயர். குறித்த படிகத்தைப் பிறகு உருத்துலக்கித் திரவம் முழுவதுமாகக் கறுத்த வெள்ளியாக மாற்றுகிறது. சில அணுக்களின் சாட்சியத்தைக் கொண்டு கோடிக்கணக்கான அணுக்கள் மாறுகின்றன. இதில் ஒளிக்கும் காமாக் கதிருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு படிகத்தைக் குறிக்க ஒளித்துகள்கள் பல, அடுத்தடுத்து வந்தாக வேண்டும். மிக மங்கிய ஒளியில் அவை இடைவெளி விட்டு வருவதால் முதல் அடையாளம் அழிந்துவிடும். காமாத் துகளின் ஆற்றல் பெரிது. படிகம் உறிஞ்சிய ஒரே துகள் போதும். அதனால்தான் வலுவிழந்த துண்டை வைத்துக்கொண்டும் கூடுதல் நேரம் காத்திருந்தால் அதே படத்தை எடுத்துவிட முடிகிறது. படம் மெதுவாகச் சேர்த்துக்கொண்டே போகும், எதையும் மறப்பதில்லை.

படத்தின் இரு புறமும் மெல்லிய ஈயத் தகடுகளை வைப்பார்கள். காமாக் கதிர் ஈயத்தில் பட்டு எலக்ட்ரான்களை உதிர்க்கும். அவை படத்தில் பாய்ந்து கறுப்பைக் கூட்டும். தரையிலும் சுவரிலும் பட்டுச் சிதறி வரும் தளர்ந்த கதிர்களை அதே ஈயம் தடுக்கவும் செய்யும். உறையின் பின்பக்கம் ஈயத்தில் செய்த ஆங்கில 'பி' எழுத்தை ஒட்டுவார்கள். கழுவிய படத்தில் அந்த எழுத்து வெளிறித் தெரிந்தால், பின்னாலிருந்து சிதறிய கதிர் வந்து படத்தைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். ஜாயிண்டின் மேல் படிப்படியாக மெலியும் கம்பிகளின் வரிசை ஒன்றையும் வைப்பார்கள். உலோகத்தின் கனத்தில் ஏறக்குறைய நூற்றில் 2 பங்கு பருமனுள்ள கம்பி படத்தில் தெரிந்தாக வேண்டும். தெரியாத படத்தில் பழுதே தென்படவில்லை என்றாலும், அந்தப் படம் செல்லாது. பார்க்கத் தெரியாத சாட்சி 'ஒன்றும் பார்க்கவில்லை' என்று சொல்வதற்கு மதிப்பில்லை. கடைசியாக, ஜாயிண்டின் எண், வெல்டரின் எண், நாள், எடுத்தவரின் அடையாளம், எல்லாம் ஈய எழுத்துகளில். படத்தில் இவை வெள்ளையாக விழும்.

இருட்டறையில் மங்கிய சிவப்பு விளக்கு மட்டுமே எரியும். உருத்துலக்கி 20 பாகை செல்சியஸில் இருந்தால் 5 நிமிடம். கடலூரின் மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே அதைவிட வெகுவாகச் சுடும். சூடு ஏறினால் ஜெலட்டின் இளகிப் படம் நெகிழ்ந்துவிடும். ஆகவே முதுநகர்த் துறைமுகத்திலிருந்து மீனுக்கு வாங்கும் ஐஸ் கட்டிகளை நாங்களும் வாங்கி, பாலித்தீன் பையில் கட்டித் தொட்டிக்குள் இறக்குவோம். பிறகு அசிட்டிக் அமிலம், அதன் பின் ஹைப்போ, கடைசியாக ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுதல். கழுவுவதில் அவசரப்பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஹைப்போவின் எச்சம் உள்ளே தங்கி, சில ஆண்டுகளில் படத்தை மஞ்சளாக்கித் தின்றுவிடும்.

படிக்கும் முறை எளிது, பழக்கம்தான் கடினம். உலோகம் குறைந்த இடத்தில் கதிர் மிகுதியாக வரும், படம் கறுக்கும். காற்றுத் துளை கறும்புள்ளி. கசடு சிக்கியது ஒழுங்கற்ற கறுந்திட்டு. அடிவரை உலோகம் இறங்காமல் போனால் நடுவே நேரான கறுங்கோடு. டங்ஸ்டன் முனை உடைந்து உள்ளே விழுந்திருந்தால் மட்டும் வெள்ளைப் புள்ளி. நல்ல படத்தின் கறுப்பு, தன் மீது விழும் ஒளியில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தாயிரத்தில் ஒரு பங்குவரைதான் அப்பால் விடும். அதனால்தான் கண் கூசும் வெளிச்சப் பெட்டி வேண்டியிருக்கிறது. எல்லாவற்றிலும் கொடியது விரிசல். அது கதிரின் திசையிலேயே அமைந்திருந்தால் மயிரிழைபோலத் தெரியும். குறுக்காகக் கிடந்தால் படத்தில் விழாமலேயே தப்பிவிடக்கூடும். படம் பொய் சொல்வதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் கேட்ட கோணத்திலிருந்து மட்டுமே அது பதில் சொல்லும்.

1895இல் ராண்ட்ஜன் தம் கண்டுபிடிப்பை அறிவித்த முதல் கட்டுரையிலேயே, ஓர் உலோகத் துண்டின் உட்புறச் சீரின்மையைப் படமெடுத்ததைக் குறிப்பிட்டிருக்கிறார். மனைவியின் கை எலும்புப் படம் உலகப் புகழ் பெற்றது. உலோகத் துண்டை யாரும் நினைவில் வைக்கவில்லை. எங்கள் தொழிலின் தொடக்கம் அந்தத் துண்டுதான். சிதம்பரத்துக்காரனாகிய எனக்கு அதைவிட நெருக்கமான இன்னொரு பயன் உண்டு. 1990களில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் சென்னை அரசு அருங்காட்சியகமும் சேர்ந்து, தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளைக் கதிர்ப்படம் உள்ளிட்ட முறைகளால் ஆராய்ந்தன. சோழர் காலத் திருமேனிகள் உள்ளே கூடின்றிக் கனமாக வார்க்கப்பட்டவை. வார்க்கும்போது சிக்கிய காற்றுக் குமிழிகள் எந்த இரண்டு சிலைகளிலும் ஒன்றுபோல் அமையாது. ஆகவே அவை கைரேகைபோல உதவும். பத்தூர் நடராசர் லண்டன்வரை போய், வழக்காடி, 1991இல் திரும்பி வந்த நாட்டில் இப்படியோர் அடையாளத்துக்குத் தேவை இருக்கிறது. கொதிகலன் குழாயில் குமிழி இருந்தால் வெட்டி எறிகிறோம். ஆடவல்லானின் உடலுக்குள் இருந்தால் அதுவே அவன் இவன்தான் என்பதற்குச் சான்று.

வெல்டிங்குக்கும் கைரேகை உண்டு. உருகிய உலோகம் உறையும்போது மேற்பரப்பில் நத்தைத் தடம்போல அலைகள் பதியும். படத்தில் அவை மெல்லிய சாயல்களாகத் தெரியும். ஒரே வெல்டர் ஒரே நாளில் போட்ட இரண்டு ஜாயிண்டுகளிலும்கூட அவை ஒன்றாக இருக்காது. பல ஆயிரம் படங்களைப் படித்தவனுக்கு இது சொல்லிக் கொடுக்காமலே பழகிவிடும். நான் இங்கே சொல்லவந்தது இதனால் விளைந்த ஒன்றை.

இந்தக் கடற்கரையோரத்து வேலைத்தளம் ஒன்றில் ஒரு பகல் முழுக்கப் படம் படித்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குப் பிறகு வந்த ஒரு படத்தில், ஓரமாக அடுத்தடுத்து இரண்டு சிறு துளைகள், அவற்றின் கீழே சற்றே கோணலான ஓர் அலை. காலையில் இதைப் பார்த்திருக்கிறேன். ஒதுக்கி வைத்த கட்டிலிருந்து தேடி எடுத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். இம்மியும் விலகவில்லை. ஈய எண்கள் மட்டுமே வேறு. ஒரு ஜாயிண்டை இரண்டு முறை எடுத்து, இரண்டாம் முறை வேறொரு ஜாயிண்டின் எண்ணை வைத்திருக்கிறார்கள். அந்த இன்னொரு ஜாயிண்டை யாரும் பார்க்கவே இல்லை.

படமெடுத்த பையனை அழைத்தேன். புவனகிரிப் பக்கத்துக் கிராமம், இருபத்துநான்கு வயதிருக்கும். இரண்டு படங்களையும் பார்த்தவுடன் மறுக்கவில்லை.

"அந்த ஜாயிண்டு உச்சியில இருக்கு சார். சாரத்தைப் பிரிச்சிட்டாங்க. ஏற வழியில்ல."

"பிரிச்சாங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கலாமே தம்பி?"

"விடியறதுக்குள்ள நாப்பது படம் முடிக்கணும்னாங்க சார். சோர்ஸ் வேற பழசு. ஒரு படத்துக்கே எவ்ளோ நேரம் நிக்கிறோம்னு உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். நான் முன்னே சொன்ன 74 நாள் கணக்கு அதுதான். துண்டு பாதியாகிவிட்டது, ஆனால் விடியலுக்கு முன் முடிக்கவேண்டிய எண்ணிக்கை பாதியாகவில்லை. அப்போதுதான் அவன் சட்டையைக் கவனித்தேன். கதிர்வீச்சு அளவைக் காட்டும் பேட்ஜ் இல்லை. கேட்டதற்குச் சற்றுத் தயங்கிச் சொன்னான்:

"ரூம்ல இருக்கு சார். டோஸ் ஏறிச்சுன்னா உக்கார வெச்சிடுவாங்க. இன்னும் எட்டு மாசத்துல நான் வெளியூர் போவணும்."

இங்கே சற்று விளக்க வேண்டும். வடலூர் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வள்ளலார் 1872இல் அங்கே நிறுவிய சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கிச் சோதியைக் காட்டுவார்கள். எங்கள் தொழிலில் திரை எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஈயம் இரிடியத்தின் கதிரைப் பாதியாகக் குறைக்கும். அடுத்த 5 மில்லிமீட்டர் அதில் பாதி. ஏழு திரை போட்டால் 128இல் ஒரு பங்கு. பத்துப் போட்டால் 1024இல் ஒரு பங்கு. முழுப் பூச்சியம் என்றைக்கும் வராது. திரையே இல்லையென்றால், 20 கியூரி வலுவுள்ள துண்டிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவர், ஓராண்டுக்குச் சராசரியாக அனுமதிக்கப்பட்ட 20 மில்லிசீவர்ட்டைக் கால் மணி நேரத்துக்குள் வாங்கிவிடுவார். உடம்புக்கு அப்போது ஒன்றும் தெரியாது. 1999இல் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில், கேமராவிலிருந்து கழன்று கிடந்த இரிடியத் துண்டை இன்னதென்று அறியாமல் எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்ட வெல்டர் ஒருவர், ஒரு காலையே இழந்தார்.

உடம்பு சொல்லாததைச் சொல்வதற்குத்தான் பேட்ஜ். முன்பு அதற்குள்ளும் ஒரு சிறு படத்துண்டுதான் இருந்தது. அது எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து, அணிந்தவர் வாங்கிய அளவைக் கணக்கிட்டார்கள். இந்தியாவில் 1970களின் நடுவிலிருந்து அதன் இடத்தில் டி.எல்.டி. வந்தது. டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் கதிரின் ஆற்றலைச் சேமித்து வைக்கும். சூடாக்கினால் அதை ஒளியாகத் திருப்பித் தரும். முறை மாறினாலும் செய்தி ஒன்றே. ஜாயிண்டுக்கு ஒரு சாட்சி, ஜாயிண்டைப் படமெடுப்பவனுக்கு ஒரு சாட்சி. அன்றைக்கு என் மேசைக்கு முன்னால் இரண்டும் பொய்யாக்கப்பட்டிருந்தன. உச்சியில் இருந்த ஜாயிண்டு படத்தில் இல்லை. கீழே நின்ற பையன் பேட்ஜில் இல்லை. இரண்டுக்கும் காரணம் அதே நாற்பது.

ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளர் வந்து, ஒரு படம்தானே என்றார். மறுபடி எடுக்கவேண்டும் என்று எழுதினேன். இரண்டு நாட்கள் முனகிவிட்டுச் சாரம் கட்டினார்கள். வந்த படத்தில் அடிப்பகுதியின் நடுவே 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஆட்சி எழுத்துப்போல நேரான கறுங்கோடு. ஜாயிண்டை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்தார்கள். பேட்ஜ் பற்றிக் கதிர்ப் பாதுகாப்பு அலுவலருக்குத் தனியாக எழுதினேன். நாற்பது படம் என்று கணக்கு வைத்தது யார் என்பதையும் அதில் எழுதியிருந்தேன். அடுத்த வாரம் அந்தப் பையன் தளத்தில் இல்லை. கணக்கு வைத்தவர் இருந்தார். பையனின் இடத்துக்கு வேறொரு பையன் வந்தான்.

நான் எழுதியது சரியென்றே இன்றும் கருதுகிறேன். அந்தக் குழாயின் கீழே தினமும் நடந்துபோகும் மனிதர்கள் இருந்தார்கள். அந்தப் பையனின் எலும்பு மச்சையும் இருந்தது. ஆனால் சரியான செயலுக்கான விலையை எழுதியவன் கொடுக்கவில்லை, மேலாளரும் கொடுக்கவில்லை, எட்டு மாதத்தில் வெளியூர் போகவிருந்தவன் கொடுத்தான். பாதுகாப்பு விதிகள் எல்லாம் தனிமனிதனின் நேர்மையை நம்பி எழுதப்பட்டவை. நேர்மையாக இருந்தால் கூலி போகும் என்ற நிலையில் அவனை நிறுத்தும் கைகளைப் பற்றி அவற்றில் அதிகம் இல்லை. பேட்ஜைக் கழற்றி வைப்பவன் அறியாமையால் செய்கிறான் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கழற்றுகிறான்.

2020 மே 7ஆம் நாளிலும் ஜூலை 1ஆம் நாளிலும் நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. ஜூலை விபத்தில் அன்றே 6 பேர் இறந்தார்கள். பின்னர் மருத்துவமனையில் மேலும் பலர். அவற்றை வெல்டிங் பழுதோடு முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன். ஆனால் இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, கொதிகலனின் அருகே எப்போதும் நிற்பவர்கள் யார் என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை.

இப்போது படத்தின் காலம் முடிந்துகொண்டு வருகிறது. பாஸ்பர் தகடுகளும் எண்மக் கருவிகளும் வந்துவிட்டன. இருட்டறை வேண்டாம், ஐஸ் வேண்டாம், ஹைப்போ நாற்றம் இல்லை. கணினித் திரையில் கறுப்பைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். இனிமேல் ஏமாற்ற முடியாது என்கிறார்கள். எண்ணை விசைப்பலகையில் தட்டச்சு செய்பவரும் விடியலுக்குள் முடிக்கவேண்டியவர்தானே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நன்றாகக் கழுவிய படம் பல பத்தாண்டுகள் கெடாது. அந்த ஜாயிண்டின் திருத்திய படம் எங்கோ ஓர் ஆவண அறையில், பழுப்பு உறைக்குள் இன்னும் இருக்கும். யாராவது எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வெல்டரின் எண் தெரியும், நாள் தெரியும், இரண்டாம் முறை எடுத்தவரின் அடையாளம் தெரியும். உலோகத்தில் குறை இல்லை என்பதும் தெரியும். முதல் முறை அதன் கீழே நின்றவனைப் பற்றி அதில் ஒரு புள்ளியும் இருக்காது.